பிஸ்கட் டப்பாவில் வராத சீட்டு

எங்களை பேண்டு என்று சொன்னது ஊர்தான், நாங்கள் இல்லை. நாலு பேர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் மெக்கானிக்கல். நாலு கம்பி மட்டும் மிச்சமிருந்த கிடார் ஒன்று, சர்ச் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கிய டோலக், பாதிக் கட்டைகள் ஊமையாகிப்போன சின்ன கீபோர்டு, கேண்டீன் தட்டு ஒன்று. தட்டை வாசித்தவன் நான். கரண்டியால் தட்டுவதை வாசிப்பது என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு எழுதுகிறவனும் நானே என்பதால் தட்டை யாரும் பிடுங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பாட்டில் காதல் கிடையாது, அம்மா கிடையாது, நிலா கிடையாது. கம்பெனி பஸ், கேண்டீன் சாம்பார், ஓ.டி. பார்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட மறந்துபோகும் சூப்பர்வைசர், ஆறு பேர் படுக்கும் ரூமில் ஏழாவது ஆள் எங்கே கால் நீட்டுவது என்ற கேள்வி, இவைதான். காலேஜ் டேயில் முதல் தடவை பாடியபோது முன்வரிசை லெக்சரர்கள் சிரிக்கவில்லை. பின்னால் நின்றிருந்த பஸ் டிரைவர்கள் சிரித்தார்கள். எங்கள் ரசிகர்கள் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு பட்டறையில் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். மண்ணூரில் கிறிஸ்துமஸுக்கு, குன்றத்தூரில் ஒரு வரவேற்புக்கு. கொடுத்ததெல்லாம் பொரி, கடலை, சில இடங்களில் சால்வை. எங்களுக்கு அது போதும். மதுரைக்குத் தெற்கே இருந்து வேலைக்கு வந்து குவிந்திருந்த பையன்கள் ஷிப்ட் முடிந்த யூனிபார்மோடு சைக்கிள் மிதித்து வந்து நின்றார்கள். நாங்கள் மேடையேறும் முன்பே விசில். ஒரு நாள் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவன் எழுந்து, “தட்டு அண்ணன்தானே? உக்காருங்க” என்று இடம் கொடுத்தான். பத்தொன்பது வயதில் ஒருவனுக்கு பஸ்ஸில் இடம் கிடைத்தால் தலைகால் புரியாமல் போவதற்கு வேறென்ன வேண்டும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூட்டுரோட்டு டீக்கடையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம், மூடியில் ஒரு கீறல் போட்டு. கம்பெனியில், ரூமில் நடக்கும் கூத்து எதுவானாலும் எழுதி அதில் போடலாம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கேண்டீன் டோக்கன், கேட் பாஸ் என்று கிடைத்ததில் எழுதிப் போட்டார்கள். சனிக்கிழமை டப்பாவைத் திறப்போம். நல்லதைப் பாட்டாக்குவோம். அப்புறம் எல்லாச் சீட்டையும் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டுவிடுவோம். கையெழுத்தை வைத்து யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது, எழுதினவன் யார் என்று எங்களுக்கே தெரியக் கூடாது என்பதுதான் சட்டம். நாங்கள் போட்ட ஒரே சட்டம் அது. அந்த ஒன்றை நம்பித்தான் எல்லோரும் எழுதினார்கள். அதையே திருப்பிப் பிடித்து நான் ஒருவனைக் குத்தினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டின் பின்னால் அப்பா ஆஸ்பெஸ்டாஸ் போட்டு நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி ரூமில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். ஒரே தெரு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே ஐ.டி.ஐ. இரண்டு பேர் துணியும் ஒரே பெட்டியில்தான் வந்து இறங்கியது. ஒருவன் காருக்கு பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் ட்ரெய்னி. கூட்டாளி வேறொரு கம்பெனியில் பேக்கிங். ஷிப்ட் மாறி மாறி வந்ததால் இரண்டு பேருக்கும் ஒரே தலையணை. ஊரிலிருந்து ஒருவனுக்கு வரும் கடிதத்தை மற்றவன்தான் முதலில் பிரித்துப் படிப்பான். யாருடைய பர்ஸ் யாருடைய பாக்கெட்டில் இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. எனக்கு அவர்களைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கும். எங்கள் பேண்டில் ஒரு டீயை இரண்டாகப் பங்கு போடவே தகராறு வரும்.

அந்த ட்ரெய்னிப் பையனுக்கு வேலையும் போய், அந்தக் கூட்டாளியும் போனான். இரண்டுக்கும் காரணம் நான். வேலையைப் பறித்ததையாவது அந்த வயதுத் திமிர் என்று யாராவது மன்னிக்கலாம். கூட்டாளியைப் பறித்ததற்கு நான் என்ன சமாதானம் சொல்வது?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ட்ரெய்னிப் பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு. என்ன என்றேன். பைப்படிக் கல்லில் உட்கார்ந்து சொன்னான்.

அன்றைக்கு அவன் கம்பெனிக்கு ஆடிட். பார்ட்ஸ் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் வெளிநாட்டுக்காரர். கழித்துப்போட்ட பிராக்கெட்டுகள் சிவப்புத் தொட்டியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தால் மானம் போகும். சாப்பாட்டு நேரத்தில் லைனில் ஆள் இல்லாதபோது சூப்பர்வைசர் இவனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் டிராலியில் தள்ளிக்கொண்டுபோய் ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் கட்டிலில் அடுக்கிப் போர்வையால் மூடச் சொல்லியிருக்கிறார். நர்ஸ் அன்று லீவு. மூடிப் பார்த்தால் போர்வை மேடும் பள்ளமுமாக இருந்தது. எந்த மனிதனும் அப்படிப் படுக்க முடியாது. சூப்பர்வைசர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “நீ மேல ஏறிப் படு. கேட்டா காய்ச்சல்னு சொல்லு” என்றிருக்கிறார்.

“படுத்தேண்ணே. நாப்பது நிமிசம். முதுகெல்லாம் பிராக்கெட்டு. அந்த வெளிநாட்டுக்காரரு நேரா உள்ள வந்துட்டாரு. வந்து நெத்தில கையை வைக்காரு! எனக்கு பயத்துல வேர்த்து ஊத்துது. ‘ஹை ஃபீவர்’ங்காரு. போர்வைய நல்லா இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிவிட்டு, இவனுக்கு மூணு நாள் ரெஸ்ட் குடுங்கன்னுட்டுப் போறாரு. எங்க சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்கணுமே!”

சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். பிராக்கெட்டின் ஓட்டைகள் வட்டவட்டமாகப் பதிந்திருந்தன. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, இது கூட்டாளிக்குத் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். பாட்டுல போட்டுறாதீய. இன்னும் மூணு மாசத்துல எனக்கு கன்ஃபர்மேசன். கன்ஃபர்ம் ஆவட்டும், நானே மேடையேறி ஆடுதேன்.”

அந்தக் கம்பெனியில் ட்ரெய்னிக்கு மஞ்சள் தொப்பி, நிரந்தரமானவர்களுக்கு நீலத் தொப்பி. பஸ்ஸில்கூட மஞ்சள் தொப்பி நின்றுகொண்டுதான் வர வேண்டும். இவனோடு சேர்ந்த பதினொரு பேரில் எட்டுப் பேர் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீலத் தொப்பியைப் பற்றி அவன் பேசாத நாள் கிடையாது.

“சத்தியமா பாட மாட்டேன்பா” என்று அவன் உள்ளங்கையில் அடித்துச் சொன்னேன். அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கை அரித்தது. பாடினால்தானே தப்பு, எழுதினால் என்ன, மூன்று மாதம் கழித்து உதவும் என்று எழுத ஆரம்பித்தேன். ஆள் தெரியக் கூடாது என்பதற்காகக் காய்ச்சலை வயிற்றுவலியாக மாற்றிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் வந்து நெற்றியில் கை வைப்பதில்தான் சிரிப்பே இருந்தது. கட்டிலைப் பெஞ்சாக்கினேன், அதுவும் சப்பென்று இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே விட்டுவிட்டேன். எழுதுகிறவன் என்ற பெயரில் நான் செய்த முதல் அயோக்கியத்தனம் அதுதான். ஒருவனைக் காப்பாற்றக்கூடிய மாற்றங்களை, சிரிப்புக் குறைகிறது என்று ஒவ்வொன்றாக அடித்தேன்.

காய்ச்சல்காரன் படுத்துக்கிறான்
கட்டிலெல்லாம் இரும்பு நாத்தம்
போர்வையத் தூக்கிப் பாக்காதீங்க
போன மாச ரிஜெக்ட்டு மொத்தம்!

பேண்டு பையன்களுக்கும் படித்துக் காட்டினேன். யார் கதை என்று சொல்லவில்லை. அதில் மட்டும் ரொம்ப நியாயஸ்தனாக இருந்தேன். எங்கள் பாடகன், டோலக் இரவல் கொடுத்த சர்ச் குழுவிலேயே பாடுகிறவன், தரையில் உருண்டு சிரித்தான். உடனே டியூன் போட்டான். பாடும்போது பக்கத்தில் இருக்கிறவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “ஹை ஃபீவர்!” என்று அலற வேண்டும் என்று அவனே சேர்த்தான். “பின்னாடி பாடிக்கலாம், இப்ப வேணாம்” என்றேன். சரி என்றார்கள்.

அடுத்த வாரம் ஆடி ஞாயிறு. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டுச் சாயங்காலம் எங்கள் நிகழ்ச்சி. அவ்வளவு கூட்டத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. எங்களுக்காகவே மூன்று கம்பெனிகளிலிருந்து பையன்கள் வந்து நின்றார்கள். புதுப் பாட்டாக, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளும் ரூம் ஓனர்களைப் பற்றி ஒன்று எழுதியிருந்தேன். பையன்கள் விசிலடித்தார்கள். ஆனால் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விழாக் கமிட்டி மொத்தமும் ரூம் ஓனர்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு பெரியவர் எழுந்து, “இன்னாப்பா, கூப்புட்டு வெச்சா வூட்டுக்காரங்களையே கலாய்க்கிறீங்க? போதும், எறங்குங்க” என்றார். பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். கமிட்டி ஆள் ஒருவர் மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பாடகன் என் பக்கம் திரும்பினான். “அடுத்து இன்னாடா? சீக்கிரம் சொல்றா, மைக்க புடுங்கிடப் போறானுங்க.”

மழுப்பாமல் சொல்கிறேன். எனக்கு அந்தக் கணத்தில் ட்ரெய்னிப் பையன் ஞாபகம் வந்தது. நான் அடித்துச் சத்தியம் செய்த அவன் உள்ளங்கை ஞாபகம் வந்தது. மஞ்சள் தொப்பி ஞாபகம் வந்தது. எல்லாம் வந்த பிறகுதான், “காய்ச்சல்காரனப் பாடு” என்றேன்.

ஓனர்களும் சிரித்தார்கள், பையன்களும் சிரித்தார்கள். பாடகன் இறங்கிப்போய், எங்களை இறங்கச் சொன்ன அதே பெரியவர் நெற்றியில் கை வைத்து, “ஹை ஃபீவர்!” என்றபோது அவரே வேட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மூன்று தடவை ஒன்ஸ்மோர். மூன்றாவது தடவை தட்டிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தேன். இடது ஓரத்தில், டியூப்லைட் கம்பத்தின் கீழே கூட்டாளி நின்றிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து தட்டைப் பார்த்தேன்.

ட்ரெய்னிப் பையன் அன்றைக்கு ஓ.டி.யில் இருந்தான். மறுநாள் காலை நான் பைப்படியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

“அண்ணே, நேத்து நம்ம கதையப் பாடுனியளாமே?”

வாயில் நுரை இருந்ததால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ஒரு ஒழுங்கான மனிதன் அந்த அவகாசத்தில் உண்மையைச் சொல்லத் தைரியம் திரட்டியிருப்பான். நான் பொய்யைத் திரட்டினேன். துப்பிவிட்டுச் சொன்னேன்.

“நான் சொல்லலபா. டப்பாவுல சீட்டு வந்துச்சு. அப்படியே உன் கதைதான். பசங்க புடிச்சுக்கிட்டானுங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல.”

“சீட்டா?” அவன் முகம் மாறியது. “எழுத்து எப்படி இருந்துச்சு? பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும், காட்டுங்க.”

“அடுப்புல போட்டாச்சு. எங்க ரூல்தான் உனக்குத் தெரியுமே.”

தெரியும் என்று தலையாட்டினான். எங்கள் சட்டத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. பிறகு மெதுவாகத் திரும்பிக் கடைசி ரூமைப் பார்த்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே கூட்டாளி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அது எங்கே போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் வாயால் கதையைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான் இல்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் யார்? பொய் சொல்லும்போது அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை, நான் தப்பித்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் அவன் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதாவது ‘இருப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாய் கொப்பளித்தேன்.

“நீங்க என்னண்ணே செய்வீய” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

கம்பெனியில் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. டிராலியின் மேல் யாரோ துண்டைப் போர்த்திவிட்டு, “சார், இவருக்குக் காய்ச்சல்” என்றிருக்கிறார்கள். லைனில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அடுத்தவன் நெற்றியில் கை வைத்தான். விஷயம் மேலே போய் சூப்பர்வைசருக்கு மெமோ வந்தது. அவர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, “இது உனக்கும் எனக்கும்தான்டா தெரியும்” என்று மட்டும் சொன்னாராம். மூன்றாவது வாரம் லெட்டர் வந்தது. பயிற்சிக் காலத்தில் எதிர்பார்த்த அளவுக்குச் செயல்படவில்லை என்று நாலு வரி. படித்து அர்த்தம் சொல்லச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தான். படித்தேன். அர்த்தமும் சொன்னேன்.

அந்த மூன்று வாரமும் கடைசி ரூமில் பேச்சு இல்லை. பத்துக்குப் பத்து ரூமின் குறுக்கே கயிறு கட்டி ஒரு லுங்கியைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு ஸ்டவ் வந்தது. கூட்டாளி புதுத் தலையணை ஒன்று வாங்கிவந்தான். ஒருவன் சமைத்து முடித்து வெளியே வந்த பிறகுதான் மற்றவன் உள்ளே போவான். எங்கள் அம்மா, “இன்னாடா ஆச்சு அந்தப் புள்ளைங்களுக்கு? நகமும் சதையுமா இருந்துச்சுங்களே” என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். பொய் சொல்வது பழகிவிட்டது.

கூட்டாளி ஒரே ஒரு தடவை என்னிடம் வந்தான். காலேஜ் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். “அண்ணே, உங்கட்ட ஒண்ணு கேக்கணும்” என்றான். பரீட்சை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றேன். பரீட்சை எதுவும் இல்லை. அப்புறம் அவன் வரவில்லை.

ட்ரெய்னிப் பையன் ஊருக்குக் கிளம்பிய அன்று அவனுடைய பையை நான்தான் பஸ் ஸ்டாப் வரை தூக்கிப்போனேன். கூட்டாளி ஷிப்டில் இருந்தான். பஸ் வர நேரமானது. அவன் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

“வேலை போனா போவுதுண்ணே, வேற தேடிக்கிடலாம். அவன் எதுக்கு அப்படிச் செஞ்சான்? நான் அவனுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?”

“விடுப்பா. மனுசங்க அப்படித்தான்” என்றேன்.

இந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பாடியதுகூட ஒரு கூட்டத்தின் முன்னால் வந்த வெறி. பைப்படிப் பொய் பயத்தில் வந்தது. இதற்கு என்ன சாக்கு இருக்கிறது? பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். அவன் வேலையை இழந்தாகிவிட்டது, இனி உண்மையைச் சொன்னால் எனக்குப் போகப்போவது அவன் என்மேல் வைத்திருந்த மரியாதை மட்டும்தான். அந்த மரியாதையை விடத்தான் எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த மாதம் கூட்டாளியும் ரூமைக் காலி செய்தான். அப்பா வேறு ஆட்களை வைத்தார்.

பாட்டு மட்டும் எங்கெங்கோ போனது. குன்றத்தூர் மலைக்குப் போகும் வேனில் பாடினார்கள். நான் அறியாத கம்பெனிகளில் எல்லாம் அது தங்கள் கம்பெனியில் நடந்ததாகச் சொன்னார்கள். எங்கே மேடையேறினாலும் முதல் பாட்டு முடிவதற்குள், “காய்ச்சல்! காய்ச்சல்!” என்று கூட்டம் கத்தும். நாங்களும் பாடினோம். படிப்பு முடிந்து பேண்டு கலையும்வரை, ஒன்றரை வருடம், விடாமல் பாடினோம். தட்டு வாசித்துக்கொண்டு அவர்களோடு நானும் சிரித்தேன். சிரிக்காமல் வாசித்தேன் என்று எழுதினால் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஆனால் சிரித்தேன்.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். சேரப்பணஞ்சேரியில் பைக் பஞ்சராகிக் கடையில் நின்றிருந்தபோது, பக்கத்தில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். கூட்டாளி. கொஞ்சம் பருத்திருந்தான், மீசை வைத்திருந்தான். பைக் டேங்கில் ஒரு சின்னப் பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதாகச் சொன்னான். ஊரைப் பற்றி, வாடகையைப் பற்றிப் பேசினோம். அந்த ட்ரெய்னிப் பையன் எப்படி இருக்கிறான், இரண்டு பேரும் பேசுகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“பேசுறதில்லண்ணே. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சேன், வரல.” குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தான். அப்புறம் குரல் மாறாமலே சொன்னான். “நான் சீட்டு எழுதலன்னு எனக்குத் தெரியும்லாண்ணே? அப்ப வேற யாருன்னு கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆவும்?”

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவன்ட்ட சொல்லலையா?” என்றேன்.

“சொன்னேன். அன்னைக்கே சொன்னேன். ‘அண்ணன் கையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்காரு, நீ பண்ணிட்டு அவரு மேல போடுதியா’ன்னு எஞ் சட்டையப் புடிச்சுட்டான்.”

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவன் பர்ஸைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தான். மடிப்பில் கிழிந்துபோகிற நிலையில் இருந்தது. அதில் ஒரு செல் நம்பர்.

“அவங்க அம்மா எங்கம்மாட்ட குடுத்தது. கோயம்புத்தூர்ல லேத்துப் பட்டறையில இருக்கானாம். ரெண்டு வருசமா பர்ஸுல கெடக்கு. நான் பேசுனா வச்சுருவான்.” காகிதத்தை என் கையில் கொடுத்தான். “நீங்க பேசுனா பேசுவான்.”

பேசு என்று அவன் சொல்லவில்லை. குழந்தையை முன்னால் நகர்த்தி உட்காரவைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பதினொரு நாள் அந்தக் காகிதத்தை வைத்திருந்தேன். மறுநாள் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை பேசலாம், சம்பள நாளில் அவனும் சந்தோஷமாக இருப்பான், அன்றைக்குப் பேசலாம். பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்று நம்பரை அடித்தேன். அவன் எடுத்தான். பின்னால் மெஷின் சத்தம். யார் என்று சொன்னதும், “அண்ணே!” என்று கத்தினான். மெஷினை நிறுத்தச் சொல்லி யாரிடமோ சொல்வது கேட்டது. அம்மா நல்லா இருக்காங்களா, அப்பா நல்லா இருக்காரா, பேண்டு இருக்கா, தட்டு இருக்கா என்று மூச்சுவிடாமல் கேட்டான். அவனுடைய அந்தச் சந்தோஷத்தைக் கேட்கக் கேட்க, நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஒரு தடவை, “சரிப்பா, அப்புறம் பேசுறேன்” என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவன், “அண்ணே, வச்சுறாதீய, எத்தனை வருசமாச்சு” என்றான்.

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். சீட்டு வரவில்லை, அப்படி ஒரு சீட்டே கிடையாது, எழுதினது நான், பாடச் சொன்னதும் நான் என்று, மென்று விழுங்காமல் ஒரே மூச்சில் சொன்னேன். உன் வேலை என்னால் போனது என்றேன். மன்னித்துவிடு என்றேன். அவன் திட்டுவான் என்று காதில் போனை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலையைப் பற்றி அவன் கேட்கவில்லை. என்னைப் பற்றியும் கேட்கவில்லை.

பிறகு, “அப்ப அதச் செஞ்சது அவன் இல்லையாண்ணே?” என்றான்.

இல்லை என்றேன்.

“அவன் இல்லையா” என்று இன்னொரு தடவை, என்னிடம் இல்லாமல், அவனுக்கே சொல்லிக்கொண்டான். போன் கட்டானது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.